புல்வெட்டும் யந்திரத்தின் அடிக்கூடு: அதைச் சுத்தம் செய்து பேணும் முறை

தென்னை, மா, சப்போட்டா முதலிய மரங்கள் நிற்கும் தோப்புகளில், வரிசைகளுக்கு இடையே முளைக்கும் புல்லை அடிக்கடி உழுது அழிப்பதற்குப் பதிலாக, அதை ஓரளவு வளரவிட்டுப் பின் வெட்டி அங்கேயே பரப்பிவிடும் முறையை நிலமுடையோரிற் சிலர் கைக்கொண்டிருக்கின்றனர். இதனால் மழைக்காலத்தில் மேல்மண் அரித்துப் போகாமல் தடுக்கப்படுகிறது. கோடையில் நிலத்தின் ஈரமும் விரைவில் வறண்டு போவதில்லை. இவ்வேலைக்கு ஆள் ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டிகளும், டிராக்டரின் பின்னே பூட்டி இழுக்கும் சுழல் புல்வெட்டிகளும் உபயோகப்படுகின்றன. இவை யாவும் விலை மிகுந்த யந்திரங்கள். இவற்றின் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவதிலும், காற்று வடிகட்டியைத் துடைப்பதிலும் சொந்தக்காரர்கள் ஓரளவு கவனம் செலுத்துகின்றனர். ஆனால் கத்திகளை மூடிக்கொண்டு கவிழ்த்த தாம்பாளம்போல் அடியில் தொங்கும் இரும்புக் கூட்டை, டெக் என்று ஓட்டுநர்கள் வழங்கும் அப்பாகத்தை, வாங்கிய நாள்முதல் ஒருமுறையேனும் குனிந்து பாராதவர் பலர். அதனுள் நடப்பது என்னவென்பதையும், அதை ஆபத்தின்றிச் சுத்தம் செய்யும் விதத்தையும் இங்கே விவரிக்கலாம்.

முதன்முதல் ஏற்பட்ட புல்வெட்டும் யந்திரத்திற்கு இத்தகைய கூடு கிடையாது. இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்னும் ஊரைச் சார்ந்த எட்வின் பட்டிங் என்பவர், நெய்த கம்பளித் துணியின் மேலுள்ள பிசிறுகளைக் கத்தரிக்கும் யந்திரத்தைக் கண்டு, அதே தத்துவத்தைப் புல்லுக்குப் பொருத்தி 1830-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அதில் உருளையிற் சுற்றிய கத்திகள் அசையாத ஓர் அடிக்கத்தியோடு உராய்ந்து, கத்தரிக்கோலைப்போல் புல்லை நறுக்கின. பிற்காலத்தில் ஏற்பட்ட சுழல் கத்தி யந்திரம் வேறு விதமானது. இதில் அடிக்கத்தி இல்லை. கத்தியின் வேகம் ஒன்றே புல்லை அறுக்கிறது. ஆகையால் வேகம் மிகப் பெரிதாயிருத்தல் வேண்டும். அவ்வேகத்தினின்று மனிதரைக் காக்க ஒரு கூடும் வேண்டும்.

அவ்வேகம் எத்தகையது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். 42 அங்குல அகலத்தை வெட்டும் யந்திரத்தில் சாதாரணமாக ஏறத்தாழ 21 அங்குல நீளமுள்ள இரண்டு கத்திகள் இருக்கும். கத்தி நிமிஷத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றினால், அதன் நுனி ஒரு நிமிஷத்தில் சுமார் 16,500 அடி தூரம் செல்லுகிறது. அதாவது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். அமெரிக்காவில் இவ்வகை யந்திரங்களுக்கு வகுத்துள்ள தரவிதி, நுனியின் வேகம் நிமிஷத்திற்கு 19,000 அடிக்கு மேற்படலாகாது என்று வரையறுக்கிறது. எஞ்சினை நிறுத்திய பின்னும் சில விநாடிகள் கத்தி சுழன்றுகொண்டே இருக்கும்.

கூட்டின் வேலை காப்பு மாத்திரமன்று. கத்தியின் இரு முனைகளிலும் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பதைக் காணலாம். இவ்விறக்கை சுழலும்போது கூட்டுக்குள் காற்றை மேலே இழுக்கிறது. அக்காற்றினால் சாய்ந்து கிடக்கும் புல் நிமிர்ந்து நிற்கிறது. நிமிர்ந்த புல் ஒரே மட்டமாக அறுபடுகிறது. அறுபட்ட துணுக்குகள் காற்றோடு வட்டமிட்டு வெளிவாய் வழியே எறியப்படுகின்றன. ஆகவே கூட்டின் உட்புறம் ஒரு காற்றுக் குழாயாகும். அக்குழாயின் சுவரில் இரண்டு அங்குல கனத்திற்குப் புற்பசை அப்பிக்கொண்டால் நடப்பதை ஊகிப்பது கடினமன்று. காற்றோட்டம் குன்றுகிறது, புல் முழுதும் நிமிர்வதில்லை, வெட்டு மேடும் பள்ளமுமாக விழுகிறது, துணுக்குகள் பரவாமல் கட்டிகட்டியாகக் கொட்டுகின்றன. கத்தி அப்பசையில் உராய்ந்து சுழல்வதால் எஞ்சின் முனகுகிறது, எரிபொருளும் கூடுதலாகச் செலவாகிறது. ஓட்டுநர் இதைக் கத்தியின் மழுக்கம் என்று எண்ணிச் சாணை பிடிக்கக் கொண்டுபோவார். சாணை பிடித்த பின்னும் குறை தீராது.

இதனினும் பெரிய கேடு துரு. பச்சைப் புல்லின் எடையில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு நீரே. அறுபட்ட புல்லின் சாறும் புழுதியும் சேர்ந்து சாந்துபோல் இரும்பில் ஒட்டுகின்றன. மேற்பரப்பு ஒரே நாளில் வெயிலிற் காய்ந்து ஓடாகிவிடும். காய்ந்துவிட்டது, இனித் தீங்கில்லை என்று நினைத்தல் தவறு. அவ்வோட்டைப் பெயர்த்துப் பார்த்தால் இரும்பைத் தொட்டிருக்கும் அடிப்படலம் பல நாள் கழித்தும் ஈரமாக இருப்பது தெரியும். புல் அங்கே அழுகுகிறது. அழுகலில் உண்டாகும் புளிப்பும், மண்ணிலும் உரத்திலும் உள்ள உப்பும் சேர்ந்து வர்ணத்தைக் கொப்புளிக்கச் செய்து, அதன் அடியிலுள்ள இரும்பைச் சிறு சிறு குழிகளாக அரிக்கின்றன. கடலோரத் தோப்புகளில் இவ்வரிப்பு இன்னும் விரைவாக நிகழும். கூட்டின் தகடு மலிவான யந்திரங்களில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கனமே உடையது. உயர்ந்த ரகங்களில் நாலரை மில்லிமீட்டர் வரையில் இருக்கும். சுழல்தண்டுகளைத் தாங்கும் இடத்தில் தகடு அரித்துப் போனால், கத்தி தன் நிலையினின்று ஆடத் தொடங்கும். அதன்பின் அந்த யந்திரத்தை ஓட்டுவது யாருக்கும் க்ஷேமமன்று.

கை வைக்குமுன்

இவ்விஷயத்தில் யந்திரத்தின் நஷ்டத்தைவிடக் கையின் நஷ்டமே முக்கியமானது. புல்வெட்டியால் நேரும் காயங்களில் ஒரு வகை, வேலை நடக்கும்போதல்ல, அடைத்துக்கொண்ட புல்லை எடுக்கக் கையை நீட்டும்போது நேருகிறது. வெளிவாய் அடைத்துவிட்டது, ஓட்டுநர் இறங்குகிறார், கத்தி நின்றுவிட்டதாக எண்ணிப் புற்கட்டியைப் பிடித்து இழுக்கிறார். ஒரு நிமிஷப் பொறுமையும் ஒரு முழக் குச்சியும் இருந்தால் இவ்விபத்து இல்லை. வெளிவாயில் கையை விடுதல் எக்காலத்தும் கூடாது என்பதை ஓட்டுநருக்குச் சொந்தக்காரர் கண்டிப்பாய்ச் சொல்லவேண்டும். சொல்வதோடு நில்லாமல், ஒரு குச்சியை யந்திரத்திலேயே கட்டி வைத்தலும் நன்று.

சுத்தம் செய்யத் தொடங்குமுன் யந்திரத்தைச் சமதரையில் நிறுத்திக் கத்தியின் ஓட்டத்தைத் துண்டித்து, நிறுத்துத் தடையைப் போட்டு, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவேண்டும். சாவி யந்திரத்தில் இருந்தால் பிள்ளைகள் திருப்பக்கூடும். பெட்ரோல் எஞ்சினாயின் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி, மறுபடி பிளக்கைத் தொடாதவாறு ஒதுக்கி வைத்தல் அவசியம். டீசல் எஞ்சினாயின் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றவேண்டும். புகைக்குழாய் ஆறும் வரையில் காத்திருத்தலும் வேண்டும்.

கைத்தள்ளு யந்திரங்களில் கத்தி நேரே எஞ்சினின் தண்டிலேயே பூட்டப்பட்டிருப்பதால், கத்தியைக் கையாற் சுற்றினாலே எஞ்சின் ஒருமுறை வெடித்து ஓடக்கூடும். பிளக் கம்பியைக் கழற்றச் சொல்வதன் காரணம் இதுவே. ஏறி ஓட்டும் யந்திரங்களில் வேறொரு கண்ணி இருக்கிறது. இவற்றின் இரண்டு அல்லது மூன்று கத்திகளையும் ஒரே வார் இணைக்கிறது. ஒருவர் இடப்புறக் கத்தியைத் திருப்பினால் வலப்புறக் கத்தியும் உடனே திரும்பும். இருவர் இரு பக்கமும் உட்கார்ந்து பேசிக்கொண்டே சுரண்டும்போது இது நினைவில் இருப்பதில்லை. ஆகையால் அடியிற் கை வைப்பவர் ஒருவராகவே இருக்கவேண்டும். தடித்த தோலுறை கையில் இருக்கவேண்டும். கத்தி திரும்பாதபடி கூட்டுக்கும் கத்திக்கும் இடையே ஒரு மரக்கட்டையைச் செருகிக்கொள்ளவேண்டும்.

அடிப்புறத்தை அடையும் வழிகளில் மேலானது, கூட்டையே கழற்றி வெளியே இழுத்துவிடுவது. பெரும்பாலான யந்திரங்களில் வாரை விலக்கி, நாலைந்து ஊசிகளைப் பிடுங்கினால், கூடு பக்கவாட்டில் நழுவி வந்துவிடும். முதன்முறை ஒரு மணி நேரம் ஆகலாம்; பழகிய கைக்கு இருபது நிமிஷம் போதும். கழற்றுமுன் வார் எந்தச் சக்கரத்தை எவ்வழியாகச் சுற்றிச் செல்கிறதென்பதை ஒரு தாளில் வரைந்தோ படம் எடுத்தோ வைத்துக்கொள்ளாதவர்கள், திரும்பப் பூட்டும்போது அரைநாள் திண்டாடுவர். கழற்றிய கூட்டை இருவர் சேர்ந்து புரட்டிச் சுவரிற் சாய்த்து நன்கு முட்டுக் கொடுத்துவிட்டால், ஆபத்தின்றி நிதானமாக வேலை செய்யலாம்.

கழற்றாமல் யந்திரத்தின் முன்பக்கத்தை உயர்த்தி அடியிற் பார்ப்பவர்களும் உண்டு. அவ்வாறு செய்வோர் பின்சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, ஜாக்கியால் உயர்த்திய பின் சட்டத்தின் கீழே உறுதியான இரும்புத் தாங்கிகளை நிறுத்தவேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி அடியிற் படுத்தல் அறிவீனம். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்தலும் அப்படியே. செங்கல் பாரத்தைத் தாங்குவதுபோல் தோன்றி, திடீரென்று பொடிந்துபோகும் இயல்புடையது. மேலும் யந்திரத்தை அதிகமாகச் சாய்த்தால் பெட்ரோலும் எண்ணெயும் வேண்டாத இடங்களுக்குப் போய்ச் சேரும்.

சுரண்டுதலும் கழுவுதலும்

சுரண்டுவதற்கு மரத்தாலோ கடினமான பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டி முதலில் தகுந்தது. சுவருக்குப் பட்டி பார்க்கும் தகடும் உதவும். மண்வெட்டியின் முனையாலும் உளியாலும் தட்டிப் பெயர்ப்பவர்கள், புல்லோடு வர்ணத்தையும் பெயர்த்து, அடுத்த பருவத்துத் துருவுக்குத் தாங்களே இடம் செய்து கொடுக்கிறார்கள். ஓடு மிகவும் இறுகியிருந்தால் நனைத்த கோணிச் சாக்கை அதன் மேல் அரைமணி போட்டு வைத்தால் இளகிவிடும். நடுப்பரப்பைவிட மூலைகளிலேயே அழுக்கு மிகுதி. சுழல்தண்டைச் சுற்றியுள்ள வளையம், கத்திகளுக்கு இடையே காற்றைத் திருப்பும் தடுப்புத் தகடுகளின் பின்புறம், வெளிவாயின் மேலுதடு ஆகிய மூன்றையும் விரலளவு குச்சியால் துழாவிப் பார்க்கவேண்டும். தடுப்புத் தகடு ஏதேனும் வளைந்து கத்திக்கு அருகில் வந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கவனிக்கலாம். கத்தியின் நுனியிலும் சுழல்தண்டிலும் சணல் கயிறு, சொட்டுநீர்க் குழாயின் துண்டு, தென்னை ஓலையின் ஈர்க்கு முதலியன சுற்றிக்கொண்டிருந்தால் அவற்றை அறுத்து எடுத்துவிடவேண்டும். தண்டில் இறுகிய கயிறு உள்ளே ஊர்ந்து சென்று பேரிங்கின் எண்ணெய்க் காப்பைக் கிழித்துவிடும்.

கூட்டின் மேற்புறத்தை மறக்கலாகாது. வாரும் சக்கரங்களும் மூடியிருக்கும் இடத்தில் காய்ந்த துணுக்குகள் பஞ்சுபோல் திரளும். அவை ஈரத்தைப் பிடித்து மேலிருந்து துருவை உண்டாக்குவதோடு, வார் வழுக்கிச் சூடேறும்போதோ புகைக்குழாயின் வெப்பத்தாலோ தீப்பற்றுதலும் கூடும். ஒரு பழைய தூரிகையால் தள்ளிவிடுவதே போதும்.

தண்ணீர் விட்டுக் கழுவுவதைப் பற்றி அபிப்பிராயம் இரண்டாக இருக்கிறது. பல யந்திரங்களின் கூட்டில் குழாயைப் பொருத்துவதற்கென்று ஒரு வாய் வைத்தே செய்கிறார்கள். நீரைத் திறந்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடி கத்தியை ஓரிரு நிமிஷம் ஓடவிட்டால், சுழலும் நீர் உட்புறத்தை அலம்பிவிடும் என்பது இதன் கருத்து. வேலை முடிந்தவுடன், புல் பச்சையாக இருக்கும்போது செய்தால் இது பயன் தரும் என்பதில் ஐயமில்லை. மறுநாள் செய்தால் ஏறக்குறைய வீண். இறுகிய ஓட்டை நீர் கரைப்பதில்லை; அதை ஊறவைத்து, இரும்பின் மேல் ஈரப்பற்றாக அப்பி வைக்கிறது. மூலைகளுக்கும் நீரின் வேகம் எட்டுவதில்லை. எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால், கழுவுதல் தினசரிக் காரியத்திற்கு உதவுமேயன்றி, சுரண்டுதலுக்கு ஈடாகாது என்றே கொள்ளவேண்டும். கழுவிய பின் குழாயை நீக்கிவிட்டு, கத்தியை மறுபடி சில நிமிஷம் வெறுமனே ஓடவிட்டு நீரை உதறச் செய்யாவிடில், கழுவாமல் விட்டதே நல்லதாய்விடும். கிணற்று நீர் உப்புக் கரிக்கும் ஊர்களில் இது இரட்டிப்பு உண்மை. அழுத்த நீர்ப் பீச்சியை உபயோகிப்போர் அதன் தாரையைச் சுழல்தண்டின் பேரிங்குகளின் மேலும் எஞ்சினின் மேலும் பாய்ச்சலாகாது. மசகு வெளியேறி நீர் உட்புகுந்தால் பேரிங்கு சில வாரங்களில் இரையத் தொடங்கும்.

புல் ஒட்டாமலிருக்கப் பூசும் பூச்சுகளும் கடைகளில் விற்கின்றன. கிராபைட், சிலிக்கோன் முதலியன கலந்த இவை சில வெட்டுகளுக்குப் பயன்படும், பிறகு தேய்ந்துவிடும். சமையல் எண்ணெயைத் தடவினால் புழுதி அதிகமாய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைப் பூசும் வழக்கம் முற்றிலும் விலக்கத் தக்கது. அது புல்லோடு கலந்து மரத்தடியிலேயே விழுந்து மண்ணைக் கெடுக்கும். பூச்சுகளைக் காட்டிலும் சிறந்த உபாயம், பனி உலர்ந்து வெயில் ஏறிய பின் வெட்டத் தொடங்குவதும், புல்லை அளவுக்கு மீறி வளரவிட்டு ஒரே மூச்சில் மொட்டையடிக்காமல் ஒரு தடவைக்கு அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாது வெட்டுவதுமே. ஈரப் புல்லை ஒரு மணி வெட்டினால் சேரும் பசை, உலர்ந்த புல்லைப் பல மணி வெட்டினாலும் சேராது.

கத்தி, தண்டு, தகடு

கூடு வெளியே வந்திருக்கும்போது கத்தியையும் கழற்றிப் பார்ப்பதே முறை. சுமார் 25 மணி நேர வேலைக்கு ஒருமுறை சாணை பிடித்தல் பொதுவான கணக்கு; கல்லும் மட்டையும் நிறைந்த தோப்பில் அதற்கு முன்னரே தேவைப்படும். மரக்கட்டையால் கத்தியைத் தடுத்து நிறுத்திக்கொண்டு, தகுந்த ஸ்பானரால் மறையைத் தளர்த்தவேண்டும். சில யந்திரங்களில் மறை எதிர்ப்புறமாகத் திரும்பும் ஜாதியாக இருக்கும். யந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பாராமல் பலத்தைப் பிரயோகித்தால் மறை அறுந்துபோகும். அரத்தாலோ சாணையாலோ தீட்டும்போது பழைய சாய்வையே பின்பற்றவேண்டும். சவரக் கத்திபோல் மெல்லிதாகத் தீட்டினால் முதற்கல்லிலேயே மடங்கிவிடும். தீட்டியபின், சுவரில் அடித்த ஓர் ஆணியில் கத்தியின் நடுத் துளையை மாட்டிக் கிடைமட்டமாக விட்டுப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அப்பக்கத்தின் மழுங்கிய முனையில் இன்னும் சிறிது தேய்க்கவேண்டும். இச்சிறு சோதனையை அற்பமென்று விட்டால், நிமிஷத்திற்கு மூவாயிரம் தடவை ஏற்படும் அதிர்ச்சியைப் பேரிங்குகளும் தகட்டின் பற்றவைப்புகளும் தாங்கவேண்டியிருக்கும். வெடிப்புக் கண்ட கத்தியையும், வளைந்த கத்தியையும், இறக்கையின் அடி மணலால் தேய்ந்து தாள்போல் ஆகிவிட்ட கத்தியையும் நிமிர்த்தியோ பற்றவைத்தோ மறுபடி பூட்டலாகாது. பழைய இரும்புக்குப் போட்டுவிடவேண்டும். திரும்பப் பூட்டும்போது வளைந்த இறக்கை கூட்டை நோக்கி மேலே இருக்கவேண்டும். தலைகீழாய்ப் பூட்டிவிட்டு வெட்டவில்லையே என்று தேடுவது அபூர்வமான காரியமன்று.

கத்தி கழன்றிருக்கும்போது சுழல்தண்டைக் கையாற் சுற்றிப் பார்க்கலாம். கரகரப்பு இருந்தாலும், பக்கவாட்டில் ஆட்டம் இருந்தாலும் பேரிங்கை மாற்றும் காலம் வந்துவிட்டது. கிரீஸ் அடிக்கும் முலை உள்ள தண்டுகளுக்கு, முலையைத் துடைத்துவிட்டுப் புதிய கிரீஸைச் சில அழுத்து அளவு செலுத்தவேண்டும். முலையில்லாத மூடிய பேரிங்குகளுக்கு அது தேவையில்லை.

தகட்டில் துரு கண்ட இடங்களைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பளபளப்பான இரும்பு தெரியுமட்டும் தேய்த்து, துடைத்து உலர்த்தி, ரெட் ஆக்ஸைடு பூச்சு ஒருமுறையும் அதன் மேல் நல்ல எனாமல் வர்ணம் இருமுறையும் கொடுக்கவேண்டும். ஒரு பூச்சு நன்றாய் உலர்ந்த பின்னரே மறு பூச்சு. குழிகளில் தங்கிய துருவைத் தேய்க்க முடியாவிடில், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தடவினால் அது கறுத்து இறுகும். அதன் மேல் வர்ணம் பிடிக்கும். துருவின் மேலேயே வர்ணத்தைப் பூசுவது, சொந்தக்காரரின் கண்ணுக்குச் செய்யும் வேலையேயன்றி இரும்புக்குச் செய்யும் வேலையன்று. தகட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற ஓசை மாறி மொத்தையாய்க் கேட்குமிடத்தில் அரிப்பு மிகுந்திருக்கிறதென்று அறியலாம். ஓரங்களில் உள்ள துளையைத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம். ஆனால் கூட்டைக் கழற்றி எரிபொருளுக்கு வெகு தூரத்தில் வைத்தே செய்யவேண்டும். தண்டைத் தாங்கும் இடத்திலுள்ள வெடிப்பைச் சாதாரணப் பட்டறையில் ஒட்டவைத்து நம்புவதைவிட, கூட்டை மாற்றிவிடுவதே நன்று.

டிராக்டரின் பின்னே பூட்டும் சுழல் புல்வெட்டிக்கும் மேற்கூறியன யாவும் பொருந்தும். ஒரு விஷயத்தில் மாத்திரம் அதிக எச்சரிக்கை வேண்டும். நீரியல் தூக்கியால் புல்வெட்டியை மேலே உயர்த்திவிட்டு, அது அப்படியே நிற்கும் என்று நம்பி அடியில் நுழைபவர்கள் உண்டு. எண்ணெயின் அழுத்தம் கசிந்தாலும், யாரேனும் கைப்பிடியைத் தொட்டாலும் அது இறங்கிவிடும். சில நூறு கிலோ எடையுள்ள இரும்பு மேலே இறங்கினால் உயிர் தப்புவது அரிது. தடித்த மரக்கட்டைகளைக் கொடுத்துப் பாரத்தை அவற்றின் மேல் இறக்கிய பின்னரே, அதுவும் சுழல்சக்தித் தண்டைக் கழற்றிய பின்னரே, அடிப்புறத்தைத் தொடலாம். இவற்றின் கத்திகள் கீல்போல் மடங்கும்படி பூட்டப்பட்டிருந்தால், அக்கீல் போல்ட்டுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். போல்ட் அறுந்த கத்தி தோட்டாவைப்போல் பறக்கும்.

வாடகைக்குச் செல்லும் யந்திரம்

ஒரே யந்திரம் பல தோப்புகளுக்கு வாடகைக்குச் செல்லும்போது கூட்டின் சுத்தம் சொந்தக்காரரின் சொந்த விவகாரமாக மாத்திரம் நிற்பதில்லை. புற்பசையோடு களைவிதைகளும் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் செல்லும். பார்த்தீனியம் என்னும் விஷக்களை 1955-ஆம் ஆண்டில் புனாவில் கண்டறியப்பட்டுப் பின் நாடெங்கும் பரவிய வரலாறு யாவரும் அறிந்ததே. ஒரு செடி பல்லாயிரம் நுண்ணிய விதைகளை உதிர்க்கிறது. யந்திரங்களிலும் வண்டிகளிலும் ஒட்டும் சேறு அவ்விதைகளைச் சுமந்து செல்கிறது. அக்களை மண்டிய நிலத்தில் வெட்டிய கூட்டைச் சுத்தம் செய்யாமல் அடுத்த தோப்புக்கு ஓட்டிச் செல்வது, அந்தத் தோப்பில் களையை விதைப்பதற்கு ஒப்பாகும். பூப்பதற்கு முன்னரே அதை வெட்டிவிடுதல் உத்தமம். பூத்த நிலத்தில் வெட்ட நேர்ந்தால், சுரண்டிய கசடை அந்நிலத்திலேயே ஒரு மூலையிற் குழியில் இட்டு மூடவேண்டும். அதன் தூசி பலருக்குத் தோலரிப்பையும் மூச்சிழைப்பையும் உண்டாக்குவதால், சுரண்டுபவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடி, கைகளையும் மறைத்துக்கொள்ளவேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலை வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நல்லது. வாடகை மணிக்கணக்கில் வசூலிக்கப்படுகிறது. நிலக்காரர் தம் தோப்பில் வெட்டு முடிந்தவுடன் கணக்கை முடித்துவிடுகிறார். ஓட்டுநருக்கு அடுத்த தோப்புக்குப் போகும் அவசரம். யந்திரத்தின் சொந்தக்காரர் ஊரில் இருப்பதில்லை. சுத்தம் செய்யும் அரைமணிக்கு யார் கூலி கொடுப்பது என்பது தீராதவரையில் சுத்தமும் நடவாது. ஆகையால், கூட்டுறவுச் சங்கமோ தனியாரோ வாடகைக்கு விடும்போது, அவ்வரைமணியையும் வாடகைக்குள்ளேயே சேர்த்துக் கணக்கிட்டு, யந்திரம் எந்த நிலத்தில் வேலை செய்ததோ அந்நிலத்திலேயே சுரண்டி முடித்த பின்னரே வெளியேறவேண்டும் என்று எழுத்தில் ஏற்படுத்திக்கொள்வது பொருத்தம். கிராம அதிகாரிகளும் சங்க நிர்வாகிகளும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் யந்திரம் ஓடிய மணி, சென்ற நிலம், கூடு சுத்தம் செய்த தேதி, கத்தி தீட்டிய தேதி ஆகியவற்றை ஓட்டுநரிடம் எழுதி வாங்கிவரலாம். எழுதி வைக்கும் வழக்கம் ஏற்பட்ட பின், கத்தி ஏன் அடிக்கடி மழுங்குகிறது, எந்தத் தோப்பில் கல் அதிகம் என்பனவும் தாமே வெளியாகும்.

பருவம் முடிந்து யந்திரத்தை ஒதுக்கி வைக்குமுன் ஒருமுறை கூட்டை முழுதும் கழற்றிச் சுரண்டி, துருவை நீக்கி, வர்ணம் தீட்டி, வெயிலில் நன்கு உலர்த்திப் பின் பூட்டவேண்டும். பூட்டியபின் சக்கரங்களின் காற்றழுத்தம் இருபுறமும் ஒன்றாயிருக்கிறதா என்று பார்த்து, சமதரையில் நிறுத்திக் கத்தி நுனிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை இரு பக்கமும் அளக்கவேண்டும். பக்கவாட்டில் அளவு சமமாகவும், முன்புறம் பின்புறத்தைவிட 1/8 முதல் 3/8 அங்குலம் வரை தாழ்வாகவும் இருத்தல் வழக்கம். அந்தந்த யந்திரத்தின் புத்தகத்தில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே கொள்ளவேண்டும். ஸ்பார்க் பிளக் கம்பியை மாட்டுவது எல்லாவற்றிற்கும் கடைசி வேலை.

வைக்கும் கொட்டகையில் யூரியா, பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் முதலிய உர மூட்டைகள் இருத்தலாகாது. அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்து, தரை வழியே இரும்பை அரிக்கும். மண் தரையாயின் கூட்டின் கீழே பலகை போடவேண்டும். மழைக்காலம் கழிந்து யந்திரத்தை மறுபடி வெளியே எடுக்கும் நாளில், எஞ்சினைக் கிளப்புமுன் ஒரு நீண்ட கம்பால் கூட்டின் அடியைத் துழாவுதல் வேண்டும். இருளும் குளிர்ச்சியும் பொருந்திய அவ்விடத்தில் தேளோ பாம்போ குடியேறியிருத்தல் கூடும்.